பின்பக்கமாக மேடேறிய கார்

முன்னால பார்த்துக் கார் ஓட்டியிருந்தா, அன்னிக்கு என் தங்கச்சி முகத்தை நான் பார்த்திருக்க முடியாது. நான் பின்னால பார்த்துத்தான் ஓட்டினேன். வலது கையில ஸ்டீரிங், இடது கை சீட்டுக்கு மேல, கழுத்தை முறுக்கிக்கிட்டு, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்திலேருந்து முனியாண்டி மேடு வரைக்கும் அப்படியே ஏறினேன்.

பின்னால பலகையில பவளம் படுத்திருந்தா. கால் என் பக்கம், தலை அந்தப் பக்கம். கார் பின்பக்கமா மேடு ஏறினதால அவ தலை ஒசந்து, முகம் நேரா என்னைப் பார்த்தே இருந்துச்சு.

"அண்ணே, என்னை ஏன் பாக்குற? ரோட்டைப் பாரு"ன்னா.

"நீதானேடி ரோட்டை மறைச்சுக்கிட்டுப் படுத்திருக்கே"ன்னேன்.

சிரிச்சா. உதடு வெளுத்துப் போயிருந்துச்சு. தேயிலைக் கொழுந்துச் சாக்கை மடிச்சு அவளுக்குக் கீழே போட்டிருந்தோம். காலையில பிள்ளை பொறந்துச்சு, உதிரம் மட்டும் நிக்கவே இல்ல. அந்தச் சாக்கைப் பார்க்கக்கூடாதுன்னு நான் அவ முகத்தையே பார்த்தேன். அவ புருசன் சுப்பையா ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கிட்டுக் காருக்குப் பக்கத்துலயே ஓடி வந்தான்.

கார் ஏன் பின்பக்கமா ஏறுச்சு, அவன் ஏன் கட்டையோட ஓடினான்னு கேப்பீங்க. அதைச் சொல்லாம மத்ததைச் சொல்ல முடியாது. "போன வாரம் ரொம்ப சோகமாப் போச்சு, இந்த வாரம் உங்க பழைய கார் கதையை எழுதுங்க, வாசகர்கள் சிரிக்கட்டும்"னு நான் வாராவாரம் எழுதுற பத்திரிகை ஆசிரியர் சொல்லி அனுப்பினாரு. சிரிக்க இருக்கு, இல்லேன்னு சொல்லல. அதை மட்டும் தனியா வெட்டிக் கொடுக்க எனக்குத் தெரியல. பிடிக்காதவங்க பக்கத்தைப் புரட்டிக்கிடலாம்.

கோழிக்கூடு

வெள்ளைக்காரத் தொரைமார் ஒவ்வொருத்தரா மூட்டை கட்டின காலம். ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துல, ஸ்டோர்ல நான் எஞ்சின் பார்த்துக்கிட்டிருந்தேன். ஸ்டோர்னா எங்க பேச்சுல தேயிலை ஆலை. சுப்பையா அங்கேயே கணக்கப்பிள்ளை. விடியக்காலையில பெரட்டுக் களத்துல ஆள் கணக்கு எடுத்து மலைக்கு அனுப்புறது அவன் வேலை. வேலை நேரத்துல சிரிக்கவே மாட்டான். வேலை முடிஞ்சு வந்தா அவனுக்கும் எனக்கும் ஒரே பைத்தியம், பழைய இரும்பு. உடைஞ்ச தையல் மிசின், நின்னுபோன கடிகாரம், எதையாவது பிரிச்சுப் போட்டாத்தான் ரெண்டு பேருக்கும் சோறு இறங்கும்.

பெரிய தொரை பங்களாவுக்குப் பின்னால ஒரு கார் கிடந்துச்சு. யுத்தத்துக்கும் முந்தின கார், அதுக்கும் முந்தினதா இருக்கலாம். கதவு ஒண்ணு இல்ல, மேல் கித்தான் கிழிஞ்சு தொங்கும். சீட்டெல்லாம் கோழி எச்சம். தொரையம்மா அதைக் கோழிக்கூடாத்தான் வச்சிருந்தாங்க. தொரை கப்பலேற நாள் குறிச்சதும், பங்களாவுல சமையல் பார்த்த அப்பு என்னைக் கூப்பிட்டாரு.

"புதுத் தொரை வர்றதுக்குள்ள இதை எங்கயாவது தள்ளிக்கிட்டுப் போங்கப்பா. இல்லேன்னா ஓடையில உருட்டச் சொல்லிட்டாரு நம்ம தொரை."

ஓடையிலயா! அன்னிக்கே நானும் சுப்பையாவும் ஆள் பிடிச்சு லயத்துக்குத் தள்ளிக்கிட்டு வந்தோம். கோழிகளும் பின்னாலயே வந்துச்சு. ஒரு வெடைக்கோழி மட்டும் ரொம்ப நாளைக்குத் தினம் வந்து சீட்டுல முட்டை போட்டுட்டுப் போகும்.

பவளம் இடுப்புல கை வச்சு நின்னு பார்த்தா. "மனுசன் படுக்கவே காம்பரா பத்தல. இந்தக் கருமத்துக்கு வேற எடமா?"ன்னா. சொல்லிட்டு, முந்தானையால எச்சத்தைத் தட்டிவிட்டு, முதல்ல ஏறி உக்காந்தவளும் அவதான்.

காருக்கு முன்னால ஒரு நம்பர் தகடு தொங்கிக்கிட்டிருந்துச்சு. அதைத் துடைச்சுப் பார்த்துட்டு, "அண்ணே, அரசாங்கம் இதுக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கு பாத்தியா? நம்மளைத்தான் யாரு, எந்த ஊருன்னு கேக்குறான்"னா. எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லேன்னு சொல்லிட்ட காலம் அது. அவ விளையாட்டாத்தான் சொன்னா. எனக்கு இன்னிக்கு நினைச்சாலும் எரியுது.

மஞ்சத்தூள்

பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும். அது கார் இல்ல, தீராத வியாதிக்காரன். ஒண்ணைக் கட்டினா இன்னொண்ணு அவுந்துக்கும். சாமான் வாங்க எங்களுக்கு வக்கில்ல. ஸ்டோர்ல தேஞ்சுபோன பெல்ட்டைத் தூக்கிப் போடுவாங்க. அதை வெட்டி மிதிக்கு உள்ள இருக்கிற பிரேக் பட்டிக்கு வச்சுத் தைச்சோம். பிரேக் பிடிச்சா துணி கருகுற வாடை வரும். முன் கண்ணாடிக்குப் பதிலா தேயிலைப் பெட்டித் தகரத்துல ஒரு சட்டம் அடிச்சு, நடுவுல துண்டுக் கண்ணாடி ஒண்ணைச் செருகினோம். மழையில ரெண்டு பேரும் அந்தத் துண்டு வழியாத்தான் ரோட்டைப் பார்க்கணும், கன்னத்தோட கன்னம் ஒட்டிக்கிட்டு.

ரேடியேட்டர்ல ஒரே ஓட்டை. தண்ணி ஊத்த ஊத்தக் கீழ வரும். நான் ஈயம் வச்சு ஒட்டிப் பார்த்துத் தோத்துப் போனேன். பவளம் ஒருநாள் பொறுமை கெட்டு, அம்மியில அரைச்சுக்கிட்டிருந்த கையோட வந்து, ஒரு பிடி மஞ்சத்தூளை அதுக்குள்ள கொட்டிட்டா.

"அடியே, என்னடி பண்றே!"

"புண்ணுக்கு வைக்கிறதுதானே. இதுக்கும் வச்சுப் பாரு."

ஓட்டை அடைஞ்சிருச்சு! அந்த நாள் டிரைவர்கள் அப்படிச் செய்வாங்கன்னு பிறகு ஹட்டன்ல கேள்விப்பட்டேன். இவளுக்கு யார் சொன்னதுன்னு கேட்டா, வாய்க்குள்ளயே சிரிச்சுக்கிட்டா. அன்னிலேருந்து எஞ்சின் சூடானா மஞ்சக் குழம்பு வாசனை வரும். தெரு நாய் மூக்கைத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடி வரும்.

இனி பெரிய வியாதிக்கு வர்றேன். அந்தக் காருக்குப் பெட்ரோல் டேங்கி சீட்டுக்கு அடியில. பம்பு கிடையாது. தண்ணி பள்ளத்துக்கு ஓடுற மாதிரி பெட்ரோல் தானா எஞ்சினுக்கு இறங்கணும். சமதரையில இறங்கும். மூக்கைத் தூக்கி மேடு ஏறினா எஞ்சின் மேல போயிரும், டேங்கி கீழ நின்னுரும். அப்புறம் எப்படி இறங்கும்? நாலு தடவை இருமிட்டு நின்னுரும். எங்க தோட்டத்து ரோடோ, லயத்திலேருந்து முனியாண்டி கோயில் வரைக்கும் சுவர் மாதிரி நிக்கிற ரோடு. அந்த மேட்டைத் தாண்டினாத்தான் டவுனுக்கு இறங்குற ரோடு.

பாதி மேட்டுல நின்னு, பின்னால உருண்டு, சுப்பையாவும் நானும் பல தடவை தேயிலைச் செடிக்குள்ள விழுந்து எந்திரிச்சோம். அதுக்குத்தான் கட்டை. யாராவது ஒருத்தர் பக்கத்துலயே ஓடி வந்து, கார் நின்ன உடனே சில்லுக்கு அடியில கட்டையைச் செருகணும். அந்த வேலையை எடுத்துக்கிட்டது பவளம். மலையில கூடையைச் சுமந்து ஏறி இறங்கின காலு. எங்களுக்கு மூச்சு வாங்கும், அவளுக்கு வாங்காது. சேலையைச் செருகிக்கிட்டு ஓடி வருவா. ஒரு தடவைகூடக் கட்டை தவறினதில்ல.

ஒருநாள் கார் உருண்டு, ரோடு வளையுற கீழ் முடக்குல திரும்பி, பின்பக்கம் மேட்டைப் பார்த்து நின்னுருச்சு. எனக்கு வந்த கோபத்துல, இருக்கிறபடியே இருந்து சாவுன்னு ரிவர்ஸ் மிதியை மிதிச்சேன், அந்தக் காருக்கு ரிவர்ஸும் ஒரு மிதிதான். மடமடன்னு பின்பக்கமா மேடு ஏறிடுச்சு! பின்பக்கமாப் போனா எஞ்சின் கீழ, டேங்கி மேல. பெட்ரோல் தாராளமா இறங்குது. எங்க ரெண்டு மண்டைக்கும் அதுவரைக்கும் இது எட்டல. லயத்துச் சனமெல்லாம் கை தட்டிச்சு. அன்னிக்கு அந்தக் காருக்கு ஒரு பேர் வச்சாங்க. எதைக் காட்டிக்கிட்டு மேடு ஏறுச்சோ அதை வச்சு வச்ச பேர். பத்திரிகையில போட மாட்டாங்க.

கங்காணியின் கூப்பாடு

ஞாயித்துக்கிழமை காய்கறி ஏத்தலாம்னு பின் சீட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு, பின்பக்கத்தை வெட்டித் திறந்து, நீளமா ஒரு பலகை போட்டோம். காய்கறி ஏத்தினது கொஞ்ச நாள்தான். பிறகு நோயாளியை ஏத்த ஆரம்பிச்சுட்டோம்.

தோட்டத்துக்கு ஒரு லொறி உண்டு. அது தேயிலைப் பெட்டி ரயில் ஸ்டேசனுக்குப் போற லொறி. பெட்டி போற நேரத்துல யாருக்கும் உசிர் போகக்கூடாது. போனா, லொறி வர்ற வரைக்கும் உசிர் காத்துக்கிட்டிருக்கணும். அந்த எரிச்சல்லதான் சுப்பையா சொன்னான், "மச்சான், நம்ம கோழிக்கூட்டுல ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாங்க."

முதல்ல படுத்தது கறுப்பண்ணன் கங்காணி. நெஞ்சு வலி. உசிரோட இருக்கிறவனைத் தலை முன்னாலதான் கொண்டு போகணும், கால் முன்னால போனா அது பொணம். இது எங்க சனத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அதனால கார் போற பக்கம் தலையை வச்சோம். பின்பக்கமா மேடு ஏறுற கார், அப்ப தலை பின்னால. சரியாத்தான் இருந்துச்சு. மேட்டுல காரைத் திருப்பி, முன்பக்கமா டவுனுக்கு இறங்க ஆரம்பிச்சேன். அவ்வளவுதான், பலகையில டம் டம்னு அடிச்சாரு கங்காணி.

"அடப் பாவிகளா! நிறுத்துங்கடா! காலை முன்னால விட்டு எங்கடா கொண்டு போறீங்க? சுடுகாட்டுக்கா?"

நிறுத்தினோம். பலகையோட அவரை இறக்கி, நடு ரோட்டுல ஒரு வட்டம் போட்டு, தலையை முன்னால வச்சு மறுபடி ஏத்தினோம். அவருக்கு வந்த நெஞ்சு வலி அந்தக் கத்தல்லயே பாதி போயிருக்கும். நல்லபடியாப் பொழைச்சு வந்தாரு. பிறகு யாரை ஏத்தினாலும் முனியாண்டி மேட்டுல இறக்கித் திருப்புறது வழக்கமாப் போச்சு. கோயில்ல துன்னூறு எடுத்து நெத்தியில பூசி, திருப்பி ஏத்துவோம். பாம்பு கடிச்சவன், செடியைக் கவ்வாத்து வெட்டுற கத்தி காலை வெட்டினவன், காய்ச்சல்ல பிதற்றின கிழவி, அத்தனை பேரும் திரும்பி வந்தாங்க. மேட்டுல திருப்பினா ஆள் பொழைச்சுக்கும்னு லயத்துல பேசிக்கிட்டாங்க. நான் நம்பலன்னு சொன்னா பொய்.

அந்தப் பகல்

பவளத்துக்குக் காலையில பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. அழுத சத்தம் கேட்டு நான் சர்க்கரை வாங்க ஆள் அனுப்பிட்டேன். கொஞ்ச நேரத்துல மருத்துவச்சி வெளிய வந்தா. அவ முகமே சரியில்ல.

"நஞ்சுக்கொடி முழுசா விழல. உதிரம் நிக்க மாட்டேங்குது. டவுனுக்குக் கொண்டு போயிருங்க தம்பி."

லொறி பெட்டி ஏத்திப் போயிருந்துச்சு. வழக்கம்போலத்தான். பங்களாவுல தொரை இல்ல. நான் போய்க் காரைக் கிளப்பினேன். அந்தப் பாழாய்ப்போனது அன்னிக்கு முதல் சுத்துலயே பிடிச்சுக்கிச்சு.

மேட்டுக்குப் பாரம் ஆகாதுன்னு மருத்துவச்சியைப் பிள்ளையோட விட்டுட்டோம். கட்டை போட ஆள் வேணும். கட்டை போடுறவளே உள்ள படுத்திருந்தா. அதனாலதான் சுப்பையா கட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். அவனுக்கு அது பழக்கமில்ல, தடுக்கித் தடுக்கி ஓடினான்.

"உன் மாப்பிள்ளை ஓடுற அழகைப் பாரு"ன்னா பவளம். தலை ஒசந்து இருந்ததால அவளுக்கு எல்லாம் தெரிஞ்சுச்சு. பாதி மேடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தா. பிள்ளை மூக்கு யாரு மாதிரின்னு கேட்டா. நம்ம அம்மா மூக்குன்னேன். மேல் முடக்கு வந்தப்ப பேச்சு நின்னு போச்சு. கண்ணு மட்டும் என்னையே பார்த்துச்சு. நெத்தியில வேர்வை முத்து முத்தா நின்னுச்சு, குளிர் காலத்துல. மஞ்சக் குழம்பு வாசனை காரெல்லாம் நிறைஞ்சிருந்துச்சு.

முனியாண்டி மேட்டுல காரைத் திருப்பினேன். சுப்பையா பின்னால ஏறி அவ தலைமாட்டுல உக்காந்தான். "இறக்க வேணாம் மாப்ள, போயிரலாம்"னு நான் சொன்னேன். அவனும் தலையை ஆட்டினான். நேரா இறக்கத்துல விட்டேன்.

"அண்ணே." குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி வந்துச்சு. "கால் முன்னால போகுது."

"பேசாமப் படுடி. நேரமில்ல."

"எல்லாரையும் திருப்பினீங்க. என்னை மட்டும் பொணமாட்டம் கொண்டு போறீங்களே. ஏங்க, நீங்களாவது சொல்லுங்க. திருப்பி வைங்க."

நான் மிதியிலேருந்து காலை எடுக்கல. அவ அழுதா. பிரசவ வலியிலயும் அழாதவ அழுதா.

"நிறுத்துங்க மச்சான்"னு சுப்பையா கத்தினான். "அவ பயத்துலயே செத்துருவா. நிறுத்துங்க!"

நிறுத்தினேன். பலகையோட இறக்கினோம். ஆளுக்கு ஒரு முனை. நடு ரோட்டுல வட்டமாத் திரும்பறப்ப சாக்கிலேருந்து சொட்டுச் சொட்டா விழுந்து, நாங்க நடந்த இடமெல்லாம் செவப்பு. துன்னூறு எடுக்கப் போகல. தலையை முன்னால வச்சு ஏத்தினோம். எஞ்சின் நின்னு போயிருந்துச்சு. ஹேண்டில் போட்டுச் சுத்தி, மறுபடி சுத்தி, கை தோல் உரிஞ்ச பிறகுதான் பிடிச்சுது.

இப்ப அவ தலை என் முதுகுக்கிட்ட. முகம் தெரியல, மூச்சு மட்டும் கேட்டுச்சு. "இப்ப சரியா இருக்கு"ன்னா. நெசமாவே நிம்மதியாச் சொன்னா.

இறக்கத்துல பேய் மாதிரி ஓட்டினேன். பிரேக் பட்டி கருகிப் புகை வந்துச்சு. பிள்ளைக்கு என்ன பேர்னு கேட்டேன். ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்னா. அதுக்குப் பிறகு நான் என்னென்னவோ பேசினேன், அவ "ம்" கொட்டினா. தேயிலை முடிஞ்சு கடை வரிசை தெரிய ஆரம்பிச்ச இடத்துல சுப்பையா என் தோள்ல கை வச்சான்.

"மெதுவா போங்க மச்சான். அவளுக்குக் குலுங்குது."

குறைச்சேன். பள்ளம் பார்த்து, கல் பார்த்து, பச்சைப் பிள்ளையைக் கொண்டு போற மாதிரி கொண்டு போனேன். ஆசுபத்திரி வாசல்ல இறங்கி, திரும்பி அவன் மூஞ்சியைப் பார்த்த பிறகுதான், அவன் ஏன் மெதுவாப் போகச் சொன்னான்னு எனக்கு விளங்குச்சு.

டாக்டர் காருக்கே வந்து பார்த்தாரு. நாடியை விட்டுட்டு, "கொஞ்சம் முந்தி கொண்டு வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சு, எங்களைப் பார்த்துட்டு நிறுத்திக்கிட்டாரு. நல்ல மனுசன். ஆனா அந்தப் பாதிப் பேச்சு அங்கயே சுப்பையாவுக்குள்ள இறங்கிடுச்சு.

சாயந்தரம் ஆசுபத்திரி ஆள்கள் அவளை எங்க பலகையில தூக்கி வச்சாங்க. வழக்கப்படி, கால் முன்னால. சுப்பையா போய் அவங்க கையைப் பிடிச்சான்.

"திருப்பி வைங்க."

"தம்பி, இனிமே அப்படித்தான்பா வைக்கணும்"னாரு ஒரு வயசானவர்.

"எங்கிட்ட அவ கேட்டது இது ஒண்ணுதாங்க. திருப்பி வைங்க."

திருப்பி வச்சோம். லயத்துல கார் நின்னப்ப, தலை முன்னால வந்த பொணத்தைப் பார்த்துப் பெரியவங்க முணுமுணுத்தாங்க.

பாதி

செய்தி லயத்துல பரவ எவ்வளவு நேரமாகும்? நடு ரோட்டுல நிறுத்திப் பொண்டாட்டியைக் கொன்னவன்னு பேசினாங்க. மேட்டுல திருப்பினாப் பொழைச்சுக்கும்னு சொன்ன அதே வாய்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு பேரை அடிச்சேன், அடியும் வாங்கினேன். சுப்பையா ஒருத்தரையும் ஒண்ணும் கேட்கல. பெரட்டுக்குப் போவான், வருவான், பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பான். காரை ஏறிட்டுப் பார்க்க மாட்டான். கோழிகள் மறுபடி அதுக்குள்ள குடியேறிடுச்சு.

பிள்ளை ஓடியாடத் தொடங்கின பிறகு, ஹட்டன்ல ஒரு பென்சன் வாத்தியாரோட கார் கிளட்ச் பார்க்கப் போனேன். அவர் மக நர்ஸ். தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்துட்டு நின்னு பேசிச்சு. எப்படியோ பவளத்தைப் பத்திப் பேச்சு வந்து, எல்லாத்தையும் கொட்டிட்டேன். கேட்டுட்டு அந்தப் பொண்ணு சொல்லிச்சு:

"உதிரம் போறவங்களுக்குத் தலை தாழ்வா, கால் ஒசரமா இருக்கணுங்க. இறக்கத்துல நீங்க தலையை முன்னால வச்சதுதான் சரி. அதனாலதான் டவுன் கிட்ட வரைக்கும் தாங்கியிருக்காங்க."

எனக்கு நெஞ்சுல இருந்த பாறை உருண்ட மாதிரி இருந்துச்சு. அந்தப் பொண்ணு அத்தோட நிறுத்தியிருக்கலாம். "மேடு ஏறும்போது தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"ன்னு கேட்டுச்சு.

மேல்பக்கம்னேன். கார் போற பக்கம். உசிரோட இருக்கிறவங்களை அப்படித்தானே வைப்போம்.

அந்தப் பொண்ணு கிளாசை எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு.

திரும்பி வர்ற வழியெல்லாம் அந்த மேடுதான் கண்ணுல. முழு மேடும், ஒசந்த தலையோட அவ என்னைப் பார்த்துக்கிட்டே வந்தது. சுப்பையாவுக்குப் பாதியை மட்டும் சொல்றதுன்னு முடிவு பண்ணினேன். அவனுக்கு வேண்டிய பாதி.

அதுக்கு ஒரு சாக்கு வேணுமே. காரைத் திருத்தலாம்னு கூப்பிட்டேன். டேங்கியைச் சீட்டுக்கு அடியிலேருந்து கழட்டி, கண்ணாடிக்கு முன்னால ஒசரத்துல ஏத்திட்டா, கார் முன்பக்கமாவே மேடு ஏறும், இனி எவனையும் மேட்டுல இறக்கித் திருப்ப வேண்டியதில்லன்னு சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அவன் வந்தான். நாங்க கோழியை விரட்டி, எச்சத்தைச் சுரண்டி, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்தோம். அவன் தகரத்தை அரத்தால ராவிக்கிட்டிருந்தான். பிள்ளை பக்கத்துல மண்ணுல விளையாடிச்சு.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். ஹட்டன்ல ஒரு நர்ஸம்மா சொல்லிச்சு. உதிரம் போறவங்களுக்குத் தலை தாழ்வா இருக்கிறதுதான் நல்லதாம். இறக்கத்துல நாம திருப்பி வச்சது தப்பே இல்லயாம். அதனாலதான் அவ்வளவு தூரம் தாங்கினாளாம்."

அரம் நின்னுச்சு.

"நெசமாவா மச்சான்?"

"பவளம் மேல சத்தியம்."

அவன் அப்படியே காரோட படியில உக்காந்தான். உக்காந்து, வாய் விட்டு அழுதான். அவ போன அன்னிக்குக்கூட அப்படி அழல. பிள்ளை பயந்துபோய் அவன் முழங்காலைக் கட்டிக்கிச்சு. நானும் அழுதேன். தீந்தது, இனி நிமிந்து நடப்பான்னு நினைச்சேன்.

மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு நிமிந்தான். காரை முன்னாலேருந்து பின்னால வரைக்கும் ஒரு பார்வை பார்த்தான். பலகையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, மேல முனியாண்டி கோயில் பக்கம், ரோடு ஏறுற ஏத்தத்தைப் பார்த்தான்.

"அப்ப, ஏறும்போது மச்சான்?"

அவன் பக்கத்துல கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கிட்டு நான் காருக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல.